வர்ணத்தைப் பார்த்துப் படகு வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடியில் தண்ணீர்த் தொட்டியும் கதவும் செய்யும் ஃபைபர் பட்டறை வைத்திருக்கிறேன். கடலே இல்லாத ஊரில் படகுக்கு என்ன வேலை என்று பலரும் கேட்கிறார்கள். தொண்டிப் பக்கத்து மீனவர்கள் பழைய படகுகளை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவருவது எங்கள் கைத்திறனுக்காக மட்டுமல்ல, இந்த ஊர் வெயிலுக்காகவும்தான். கடற்கரை ஈரக்காற்றில் காயவே மறுக்கும் படகு, செட்டிநாட்டுச் சித்திரையில் சுக்காகக் காய்ந்துவிடும்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த ஃபைபர் படகுகள் ஏராளம். இருபது வயதைத் தாண்டிய அவை இப்போது கைமாறிக்கொண்டிருக்கின்றன. பட்டி தடவி, வர்ணம் அடித்து, ‘புதுப்பித்தது’ என்று விற்கிறார்கள். அண்மையில் அப்படியொன்று பட்டறைக்கு வந்தது. நீல வர்ணத்தில் முகம் பார்க்கலாம். எஞ்சின் மாட்டும் பின்பலகையில் கிரைண்டரை வைத்ததும் மேல்தோல் ஏடாகக் கழன்று வந்தது. உள்ளே இருந்த ஒட்டுப்பலகை கறுத்து, நகத்தால் கிள்ளினாலே உதிர்ந்தது. எஞ்சினின் பாரம் முழுவதும் அந்தப் பலகையில்தான். வாங்கியவர் வட்டிக்குப் பணம் எடுத்தவர்.

ஃபைபர் மக்காது என்பது பாதி உண்மை. மேலே இருக்கும் ஜெல்கோட் என்ற வழவழப்பான பூச்சைத் தாண்டி நீர் மெல்ல உள்ளே இறங்கும். கண்ணாடி இழைகளைப் பிணைக்கும் பசையான ரெசினில் வேதிவினை முடியாமல் தங்கிய பொருள்களோடு அது சேர்ந்து கொப்புளமாகப் புடைக்கும். கொப்புளத்தைக் குத்தினால் காடி நாற்றத்தோடு நீர் பீறிடும். கண்ணாடி அணியாமல் யாரும் குத்த வேண்டாம். அதன்மேல் பட்டி தடவுவது ஈரச் சுவரில் சுண்ணாம்பு பூசுவது போலத்தான். எங்கள் ஊர்க் கொத்தனார் எவரும் அதைச் செய்யமாட்டார்.

முறையான வேலைக்குப் பொறுமை வேண்டும். கொப்புளம் கண்ட இடத்தில் ஜெல்கோட்டைச் சுரண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவிக் காயவிட வேண்டும். பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டிவைத்து, மறுநாள் அடியில் நீர் முத்துகள் தெரிந்தால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். விரிசல் கால் அங்குல ஆழமென்றால் அதன் இருபுறமும் மூன்று அங்குலத்துக்குச் சரிவாகத் தேய்த்த பிறகே ‘மேட்’, ‘ரோவிங்’ என்னும் கண்ணாடி இழை விரிப்புகளை ரெசினில் நனைத்து அடுக்க வேண்டும். உச்சிவெயிலில் கலந்தால் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும் என்பதால் அந்த வேலை எங்களுக்கு விடியற்காலையில்தான். இத்தனைக்கும் ஆகும் கூலியைக் கேட்டதும் பட்டிக்காரரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஈரம் என்று தெரிந்தே மூடுகிறவர்கள்மேல்தான் கோபம்.

1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி மீன்பிடிப் படகுகளைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தப் பதிவு வேறு பெயருக்கு மாறும்போது பின்பலகையில், உட்பக்கமாக, மெல்லிய துளை ஒன்று போட்டுப் பார்க்க அதிகாரிகள் ஏற்பாடு செய்ய வேண்டும். வெளிவரும் மரத்தூள் வெளிறி உலர்ந்திருந்தால் அந்த இடம் நல்லது; கறுத்து ஈரமாக வந்தால் பலகை போய்விட்டது. துளையை அப்போதே ரெசினால் அடைத்துவிடலாம்.

இன்னொரு சான்றிதழா, இன்னொரு வரிசையா என்று மீனவர்கள் சலித்துக்கொள்வதும் நியாயம்தான். அப்படியானால் மீனவர் சங்கங்களே ஊருக்கு ஓர் ஆளைப் பழக்கிவைத்துக்கொள்ளட்டும். அதுவரை, வாங்குகிறவர்கள் ஒரு நாணயத்தால் படகைத் தட்டியபடியே சுற்றி வாருங்கள். ஓசை மங்கும் இடத்தில் சந்தேகப்படுங்கள். துளை போட விற்பவர் சம்மதிக்கவில்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஃபைபர் பட்டறைக்காரர்,
காரைக்குடி.