நமது சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25 (தாராவி, மும்பை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பொங்கல் விழா, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, நூலகம் எல்லாம் வழக்கம்போல நடந்தன. மழைக்கு முன்பே கூரைக்குத் தார்ப்பாய் போட்டதால் இந்த முறை புத்தகங்கள் நனையவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். நான் என் நேரம் முழுவதையும் ஒரே வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். போலீஸ் பிடித்துப் போகும் பிள்ளைகளிடம் முதலில் போய்ப் பேசுகிறவர்களுக்கு நாம் தொடங்கிய பயிற்சிதான் அது.

இது என்னுடைய ஒரு தவறிலிருந்து தொடங்கியது. போன மழைக்காலத்தில் ஓர் இரவு, ஒரு காவல் நிலையத்தில் பேச்சு புரியவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். பையன் ஊரிலிருந்து வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. செல்போன் காணாமல் போன விவகாரம். "அண்ணன் குடுத்தாரு, எடுத்து வச்சேன்" என்றான். அண்ணன் என்றதை நான் இந்தியில் 'பாயி', அதாவது சகோதரன், என்றேன். எடுத்து வைத்தேன் என்றதை 'லியா', அதாவது எடுத்தேன், என்றேன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து போனை எடுத்தார்கள் என்று தாளில் ஏறிவிட்டது. அந்த அண்ணன் அவனோடு கடையில் வேலை பார்த்தவர், கூடப் பிறந்தவர் இல்லை. பையன் சொன்னதும் பத்திரமாக வைத்தேன் என்பதைத்தான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மறுநாள் போய்ச் சொன்னேன். ஆனால் எழுதியதை மாற்ற ஒரு வக்கீல் பல முறை அலைய வேண்டியிருந்தது.

ஒரு சொல்லுக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதைப் பயிற்சியில்தான் புரிந்துகொண்டேன். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பிடிபட்ட, 18 வயது நிறையாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள், இப்படிப்பட்ட பிள்ளைகளின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கொடுங்குற்றம் என்ற புகாரோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்தான் என்ற புகாரோ இருந்தால்தான் எஃப்ஐஆர். மற்றபடி நிலையத்தின் நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கை என்ற முதலாம் படிவத்தை நிரப்பினால் போதும். சாதாரணத் திருட்டு சட்டத்தின் கணக்கில் சிறு குற்றம்தான். ஆனால் 'அண்ணனோடு சேர்ந்து' என்று எழுதிவிட்டால் அதே விஷயம் எஃப்ஐஆர் ஆகிவிடலாம். ஜாமீன் தருவது பொது விதி. கெட்ட சேர்க்கைக்குத் திரும்பிப் போவான் என்று தோன்றினால் அதை மறுக்கவும் குழுமத்துக்கு இடமிருக்கிறது. அப்போது பிள்ளை, விசாரணை நடக்கும்போது பிள்ளைகளை வைத்திருக்கும் டோங்ரி கூர்நோக்கு இல்லத்தில் இருக்க வேண்டியதுதான். புரொபேஷன் ஆபீசர், அதாவது பிள்ளையின் குடும்பத்தையும் சூழலையும் விசாரித்துக் குழுமத்துக்குச் சொல்லும் அதிகாரி, இரண்டு வாரத்துக்குள் தர வேண்டிய சமூக விசாரணை அறிக்கையும் பல நேரம் இந்த முதல் தாளிலிருந்துதான் தொடங்குகிறது.

ஓய்வுபெற்ற, தமிழ் தெரிந்த ஒரு புரொபேஷன் ஆபீசர் ஞாயிறு மதியங்களில் நம் மாலை வகுப்பு அறையில் பாடம் நடத்தினார். சட்டப் பிரிவுகளுக்கு அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "போனவுடன் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். சாப்பிட்டானா, பாத்ரூம் போக வேண்டுமா, யாருக்குப் போன் போட வேண்டும் என்று கேளுங்கள்" என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். நின்றுகொண்டு பேசக் கூடாது, அவன் உட்கார்ந்திருக்கும் உயரத்துக்கு நாமும் உட்கார வேண்டும். நம் பிள்ளைகள் பெரியவர்கள் பேசும்போது மரியாதைக்கு "ம்" கொட்டுவார்கள், தலையாட்டுவார்கள். 'நீ சொல்றது காதுல விழுது' என்பதற்குத்தான் அந்த "ம்". அதை ஒப்புதலாக மொழிபெயர்க்கக் கூடாது. மாமா, சித்தப்பா, அக்கா என்று எந்த உறவுச் சொல் வந்தாலும் சொந்தமா, பழக்கமா என்று கேட்டுவிட்டுத்தான் இந்தியில் சொல்ல வேண்டும்.

சம்பவத்தைப் பற்றிப் பிள்ளை நம்மிடம் பேசத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும் என்பதையும் முடிவு செய்திருக்கிறோம். வக்கீலிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு நம்மிடம் சொல்வதற்கு இல்லை. "தம்பி, இதை இலவச சட்ட உதவி வக்கீல் வந்ததும் அவரிடம் சொல்லு" என்பதுதான் நம் பதில். ஆர்வக் கோளாறில் கதை கேட்பவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம்.

பிள்ளைக்கு 18 நிறையவில்லை என்று காட்டும் வயதுச் சான்றுக்கு ஒரு வகுப்பு முழுதும் போனது, அதற்கு அது தகும். 94ஆம் பிரிவின்படி பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றுதான் முதலில். அது இல்லையென்றால் மாநகராட்சி அல்லது பஞ்சாயத்து தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. ஊர்ப் பள்ளியில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயர், இங்கே தகப்பனார் பெயரைப் பின்னால் சேர்த்து இன்னொரு பெயர். இரண்டும் ஒரே பிள்ளைதான் என்று குழுமத்துக்குப் புரிய வைக்க வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போன் செய்து சான்று வாங்கித் தரும் பொறுப்பை நம் துணைச் செயலாளர் ஏற்றிருக்கிறார்.

செயற்குழுவில் எதிர்ப்பும் வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. "திருடுற பசங்களுக்காகப் போய் நின்றால் சங்கத்தின் பெயர் என்ன ஆகும்?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இதில் உடன்பாடு இல்லை. விசாரணை முடியும்வரை அந்தப் பிள்ளை எதுவும் செய்யாதவன் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது. அவன் பேச்சை ஒருவர் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர நாம் எதுவும் கேட்கவில்லை. இன்னொருவர் கேட்டது நியாயமான கேள்வி: போகிறவர் அதே சாலில் (வரிசை வீட்டுக் குடியிருப்பில்) இருப்பவராக இருந்தால் விஷயம் தெருவுக்கு வராதா? வரும். அதனால் எந்தத் தொண்டரும் தன் சந்துப் பிள்ளைக்குப் போகக் கூடாது என்று விதி வைத்தோம். சயானில் இருப்பவர் தாராவிக்கு வருவார், தாராவிக்காரர் ஆன்டாப் ஹில்லுக்குப் போவார். இந்த வேலைக்கு மட்டும் படம் எடுக்கவில்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் 74ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். வாட்ஸாப் குழுவில் போடுவதும் இதில் சேர்த்திதான்.

அடுத்து, மாநிலப் பெண்கள், குழந்தைகள் நலத்துறைக்கு அனுப்பவிருக்கும் மனு. குழுமத்தின் விசாரணையில் பிள்ளைக்கு மொழி புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்று சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சேதம் அதற்கு முன்பே, நிலையத்தில் முதலாம் படிவம் எழுதும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே அந்தக் கட்டத்திலேயே பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும், புகார் கொடுத்தவரோ பக்கத்துக் கடைக்காரரோ மொழிபெயர்க்கக் கூடாது, எந்த மொழியில் பேசி யார் மொழிபெயர்த்தார் என்று படிவத்தில் எழுத வேண்டும் என்று கேட்கிறோம். குழும உறுப்பினர்களுக்கு நியமனமான 60 நாளுக்குள் பயிற்சி தர வேண்டும் என்று சட்டம் சொல்வதுபோல, மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஒரு பயிற்சியும் கட்டணமும் முறையாக வேண்டும். தமிழுக்கு மட்டும் கேட்கவில்லை. வங்காளம், ஒடியா, நேபாளி பேசும் பிள்ளைகளும் இதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனுவின் நகல் வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இரவு நேரத்தில் போகக்கூடிய பெண்கள் இரண்டு பேராவது நமக்கு உடனே வேண்டும். பெண் பிள்ளைகளிடம் பேச ஆண்களை அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருப்பதால், இப்போது அந்த இடம் காலியாகவே இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

செயலாளர்