முதலில் டியூனிங், அப்புறம் புது பாகம்

ஆசிரியருக்கு,

எஞ்சினைப் பிரித்துப் பூட்டியதும் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) போடச் சொல்கிறது உங்கள் பழைய மோட்டார் சைக்கிள் கட்டுரை. பலெர்மோவில் பழைய வண்டிகளைச் சரிசெய்யும் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்த யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை.

மோட்டோ குஸ்ஸி 850 லெ மான் வண்டியில் வரும் டெலோர்ட்டோ கார்புரேட்டர்கள் அருமையானவை. அவற்றை மாற்றுமுன் டியூனிங் செய்து பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது வால்வு இடைவெளியைச் சரிசெய்யுங்கள், அடுத்து இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்), கடைசியில்தான் கார்புரேட்டர். இரண்டு சிலிண்டருக்கும் வாக்யூம் கேஜ் (காற்று உறிஞ்சும் அழுத்தத்தைக் காட்டும் மீட்டர்) மாட்டி, கேபிள் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். முள் இரண்டும் ஒன்றாக நிற்கும்போது, வண்டி நின்றபடி ஓடும் ஐட்லிங்கில் உதறிய பக்கக் கண்ணாடி அடங்கிவிடும்.

பாயிண்டுக்கு (தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பழைய தொடுமுனை) பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், காசுக்குத் தகும். கொஞ்ச தூரம் ஓடியபின் ஹெட் போல்ட்டுகளை மறுபடி முறுக்கி, வால்வை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அடுத்த கட்டுரையில் இதைக் கட்டாயம் சேருங்கள்.

– ஒரு மெக்கானிக், பலெர்மோ, இத்தாலி