ஏரி அரிசியும் வழி தவறிய பிள்ளைகளும்

அன்புள்ள சேகர்,

நீ வந்தபோது கொடுத்துவிட்டுப் போன கறுப்பு அரிசிப் பொட்டலத்தை, அதுதான் ஏரித் தண்ணீரில் விளைகிற அந்த 'வைல்ட் ரைஸ்', நேற்றுதான் பிரித்தேன். குக்கரில் வைக்காதே என்று சொல்லியிருந்தாய் அல்லவா, அதனால் பாத்திரத்தில் கொதிக்கவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊசி ஊசியாக இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெடித்து, உள்ளே வெள்ளையாகச் சுருண்டுகொண்டு, அடுப்படி முழுக்கப் புகையேறிய தேயிலை மாதிரி ஒரு வாசனை. சாம்பாரோடு சேரவே மாட்டேன் என்கிறது என்று மீனா ஒதுக்கிவிட்டாள். நான் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அதைச் சாப்பிட்ட கையோடு ஒரு பழைய நாவலைத் தேடிப் படித்தேன். நீ மீன்பிடிக்கப் போனதாகச் சொன்ன அதே கனடா ஏரி, ரைஸ் லேக் கரையில் நடக்கிற கதை, 'கனேடியன் குரூசோஸ்'. 1852இல் கேத்தரின் பார் ட்ரெய்ல் என்ற அம்மாள் எழுதியது, குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மாடு தேடிப்போன மூன்று பிள்ளைகள் ஸ்ட்ராபெர்ரி பறிக்கிற சுவாரசியத்தில் வழி தவறி, இரண்டு வருடத்துக்கு மேல் காட்டிலேயே கிடக்கிறார்கள். இத்தனைக்கும் வீடு சில மைல் தூரத்தில்தான்! படிக்கும்போது எரிச்சலாகக்கூட இருந்தது, ஏன்டா ஓடையைப் பிடித்துக்கொண்டு நடக்கக் கூடாதா என்று. அப்புறம் யோசித்தால், நாம் ஒருநாள் சவுக்குத் தோப்புக்குள் போய் இருட்டும்வரை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோமே, உன் சித்தப்பா டார்ச் அடித்துத் தேடி வந்தாரே.

பள்ளி நூலகத்தில் சுவிஸ் குடும்பம் ஒன்று தீவில் மாட்டிக்கொள்கிற கதையைச் சண்டை போட்டுப் படித்தோமே, நினைவிருக்கிறதா? அவர்களுக்கு என்ன குறை, உடைந்த கப்பலில் ஒரு மளிகைக்கடையே இருந்தது. இந்தப் பிள்ளைகள் கையில் ஒரு கோடாலி, ஒரு கத்தி, ஒரு தகரப் பாத்திரம், கூட ஒரு கிழட்டு நாய், அவ்வளவுதான். அதனால் கதை முழுக்கச் சாப்பாட்டுக் கவலை. எந்தப் பழம், எந்தக் கிழங்கு, பனிக்காலத்துக்கு எதைக் காயவைப்பது என்று பக்கம் பக்கமாகப் போகிறது. எழுதியவர் 1832இல் இங்கிலாந்திலிருந்து அந்தக் காட்டுக்குக் குடிவந்து, ஒன்பது பிள்ளை பெற்று, பிற்பாடு அங்குள்ள தாவரங்களைப் பற்றியே புத்தகம் போட்டவர். அதனால் செடிகள் வரும் இடத்திலெல்லாம் கை தானாக ஓடுகிறது. பிரசங்கம் வரும் இடத்தில் நான் பக்கத்தைத் தள்ளிவிட்டேன், நீயும் தள்ளிவிடு.

எனக்குக் கோபம் ஒன்றில்தான். எதிரிகள் கட்டிப்போட்டுவிட்டுப் போன மோஹாக் என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண்ணை இந்தப் பிள்ளைகள் காப்பாற்றுகிறார்கள். அதற்குப் பிறகு மொகாசின் என்கிற தோல் செருப்பு தைப்பதிலிருந்து பல வேலைகளுக்கு அவள் கைதான் வேண்டியிருக்கிறது. ஆனால் அவளுக்கு இவர்களே 'இந்தியானா' என்று பெயர் வைத்து, ஜெபமும் சொல்லிக்கொடுத்து, தாங்கள் ஏதோ அவளை ஆளாக்கிவிட்டது போல நடந்துகொள்கிறார்கள். அந்த அம்மாளுக்கு அது உறுத்தவே இல்லை. 1852 என்று சொல்லித் தப்பிக்கலாம்தான், எனக்கு மனசு ஆறவில்லை.

நீ கொடுத்த அந்த ஏரி அரிசியை அறுப்பதும் அங்குள்ள பழங்குடிகளின் வித்தைதான். அரிவாளே கிடையாது. தோணியைக் கதிருக்குள் விட்டு, ஒரு கோலால் தாளைத் தோணிக்குள் வளைத்து, இன்னொரு கோலால் தட்டுவார்கள், சிந்துகிற அரிசி தண்ணீரில் விழுந்து அடுத்த வருடத்துக்கு விதையாகிவிடும். அந்தப் பழங்குடிகளில் ஒரு பிரிவான ஒஜிப்வே மக்களின் மொழியில் அந்த அரிசிக்கு மனோமின் என்று பெயர். பிறகு அணை கட்டித் தண்ணீர் மட்டத்தை உயர்த்தியதில் ரைஸ் லேக்கிலேயே அந்தப் பயிர் பெருமளவு அழிந்துபோனது.

அடுத்த முறை தூண்டிலோடு போகும்போது கரையோரம் கதிர் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்து எழுது. முடிந்தால் ஒரு போட்டோவும் அனுப்பு. அக்காவுக்கு முட்டி வலி தேவலாமா? இங்கே அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது, பேப்பரை நானே படிக்கிறேன் என்று பிடுங்கிக்கொள்கிறார்.

அன்புடன்,
பாலு

பொட்டலத்தில் இன்னும் பாதி இருக்கிறது. பாயசம் வைத்துப் பார்க்கலாமா என்று மீனா கேட்கிறாள்.