ஜெபத்தில் சத்தம், கணக்கில் சங்கதி

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பிஸியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. வலிக்கிறதென்று நிறுத்தினால் மூட்டு இறுகிப்போகும்; பிறகு மடக்குவது பெரும்பாடு.

டாலர் நோட்டில் கடவுளை அச்சடித்துக்கொண்டு, பைபிளில் கை வைத்து அதிபர் பதவியேற்றுக்கொண்டு, அரசு வேறு மதம் வேறு என்று அமெரிக்கர்கள் எந்த வாயால் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். போகிற போக்கில், உன் அக்கா மகன் அங்கே கோயில் கமிட்டியில் சேர்ந்திருப்பதாகவும், தேர்தல் நேரத்தில் அவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருக்கிறது. அங்கே மதமும் அரசும் உரசுகிற இடங்களில் அதிகம் கூச்சல் கேட்பது ஜெபத்தைப் பற்றி. நிஜமான மாற்றமெல்லாம் வரிச் சட்டத்திலும் பள்ளிக் கட்டணத்திலும்தான் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் மூலத்துக்குப் போவோம். 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்தில், கடைசியில் தேதி போடும்போது அந்தக் கால வழக்கப்படி ஆண்டவரின் ஆண்டு என்று எழுதியதைத் தவிர, கடவுளைப் பற்றிய பேச்சே இல்லை. அதிபரின் உறுதிமொழி 35 சொற்கள், அதிலும் இல்லை. முடிவில் 'கடவுள் துணை புரிவாராக' என்பது அவர்களாகச் சேர்த்துக்கொள்வது. பைபிளும் கட்டாயமில்லை. 1825-ல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டப் புத்தகத்தின்மேல் கை வைத்தார். ஆறாவது பிரிவு, எந்த மத்திய அரசுப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கவே கூடாது என்கிறது. 1791-ல் வந்த முதல் திருத்தம் மத விஷயத்தில் இரண்டு காரியம் செய்தது: காங்கிரஸ், அதாவது அவர்களுடைய நாடாளுமன்றம், எந்த மதத்தையும் நிறுவக் கூடாது, யாருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது.

காங்கிரஸ் என்றுதான் எழுதியிருக்கிறது, கவனி. மாநிலங்களை அது கட்டுப்படுத்தவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1833 வரை வரிப் பணத்தில் தேவாலயத்தை நடத்தியது. வழிபாட்டு உரிமை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1940-ல். மதத்தை நிறுவக் கூடாது என்ற பாதி பொருந்தும் என்றது 1947-ல், எவர்சன் வழக்கில். நியூஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்கு அரசு திருப்பிக் கொடுக்கலாமா என்ற வழக்கு அது. அரசுக்கும் மதத்துக்கும் நடுவே பழைய அதிபர் ஜெபர்சன் சொன்ன மதில் உயரமாக நிற்க வேண்டும் என்று தீர்ப்பில் முழங்கினார்கள். முழங்கிவிட்டு, பஸ் கட்டணம் கொடுக்கலாம் என்று 5-க்கு 4 என முடித்தார்கள்! அந்த நாட்டின் மதச்சார்பின்மையை ஒரே தீர்ப்பில் புரிந்துகொள்ள வேண்டுமானால் இதைப் படி.

டாலர் சமாசாரத்துக்குப் பெரிய மர்மம் ஒன்றும் கிடையாது. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864-ல் ஒரு நாணயத்தில் ஏறிய வாசகம் அது: 'கடவுளை நம்புகிறோம்'. கம்யூனிஸ்ட் நாத்திகத்துக்கு எதிராக மார் தட்டிக்கொண்டிருந்த பனிப்போர் காலத்தில், 1954-ல் கொடி உறுதிமொழியில் கடவுள் சேர்ந்தார். 1956-ல் அந்த வாசகமே தேசிய முழக்கமானது. மறு வருஷம் காகித நோட்டிலும் ஏறியது. நீதிமன்றங்கள் இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிட்டன.

ஜெபத்துக்கு வருகிறேன். 1789 முதலே நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் சம்பளத்துக்குப் போதகர் உண்டு. விருந்தினராக மற்றவர்களும் வந்து பிரார்த்திக்கலாம். 2000 செப்டம்பரில் ஒஹையோவின் பார்மா நகரிலுள்ள சிவ விஷ்ணு கோயில் அர்ச்சகர் பிரதிநிதிகள் சபையில் பிரார்த்தித்தார். அங்கே இந்துப் பிரார்த்தனை அதுவே முதல். 2007-ல் செனட்டில் முதன்முறையாக நடந்தபோது பார்வையாளர் மாடத்திலிருந்து சிலர் கத்திக் கலாட்டா செய்து, காவலர்கள் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். உள்ளூர் மன்றங்களும் ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கலாம் என்று 2014-ல் தீர்ப்பானது. நியூயார்க் மாநிலத்தில் கிரீஸ் என்ற ஊரின் வழக்கு. அங்கே பல வருஷம் ஜெபித்தவர்கள் அத்தனை பேரும் கிறிஸ்தவர்கள். அது மட்டுமே குற்றமாகாது, வேறு மதத்தார் கேட்டு வந்தால் கதவைச் சாத்தக் கூடாது, அவ்வளவுதான் என்றது நீதிமன்றம்.

பள்ளிக்கூடம் என்றால் கதை வேறு. 1962-ல் நியூயார்க் கல்வி வாரியம் எழுதிக் கொடுத்த 22 சொல் ஜெபத்தைப் பிள்ளைகள் சொல்வதற்கே தடை விழுந்தது. அடுத்த வருஷம் வகுப்பில் பைபிள் வாசிப்பதும் போனது. வளர்ந்தவன் மன்றக் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போகலாம், பிள்ளை போக முடியாது என்பது காரணம். இதை வைத்துப் பள்ளியில் ஜெபமே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள்; அது தவறு. மாணவன் தானாகச் சாப்பாட்டு மேசையில் ஜெபிக்கலாம். உயர்நிலைப் பள்ளியில் மற்ற மாணவர் சங்கங்களுக்கு இடம் கொடுத்தால் பைபிள் சங்கத்துக்கும் கொடுக்க வேண்டும் என்று 1984-லேயே சட்டம் உண்டு. தடை பள்ளியின் வாய்க்குத்தான். 2022-ல் இதிலும் ஒரு தளர்வு வந்தது. வாஷிங்டன் மாநிலத்தில் பிரெமர்டன் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் ஆட்டம் முடிந்ததும் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்தார். அது அவருடைய சொந்த வழிபாடு என்று 6-க்கு 3 தீர்ப்பு. நோக்கம் மதச்சார்பற்றதா, விளைவு என்ன, அரசும் மதமும் சிக்கிக்கொள்கின்றனவா என்று 1971 முதல் வைத்திருந்த மூன்று கேள்விப் பரிசோதனையையும் அந்தத் தீர்ப்பு கைவிட்டது. இனி வரலாறும் மரபும் பார்ப்போம் என்றது. யாருடைய மரபு என்று கேட்டால் சங்கடம்தான். பயிற்சியாளர் பக்கத்தில் மண்டியிடாத பையனுக்கு அடுத்த ஆட்டத்தில் இடம் கிடைக்குமா என்ற கேள்வியை அந்த ஆறு பேரும் லேசாக எடுத்துக்கொண்டார்கள் என்பது என் எண்ணம்.

இனி பணம். 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது கிளீவ்லாந்து நகரத் திட்டம் பற்றி: ஏழைப் பெற்றோர் கையில் 2,250 டாலர் வரை வவுச்சர், எந்தப் பள்ளியில் வேண்டுமானாலும் கட்டலாம். வவுச்சர் வாங்கிய பிள்ளைகளில் 96 சதவீதம் பேர் மதப் பள்ளிகளுக்குப் போனார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுத்தது பெற்றோர், அரசு அல்ல என்று 5-க்கு 4 அனுமதி கிடைத்தது. அதுவரை கேள்வி, மதப் பள்ளிக்குப் பணம் கொடுக்கலாமா என்பது. 2017-க்குப் பிறகு அது, கொடுக்காமல் இருக்கலாமா என்று தலைகீழாகிவிட்டது. மிசூரியில் ஒரு தேவாலயப் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குப் பழைய டயர் ரப்பர் போடும் மானியத்தை மறுத்தது செல்லாது என்றார்கள். 2020-ல் மொன்டானா மாநில வழக்கிலும் இதே போக்கு. 2022-ல் மெய்ன் மாநிலம். மெய்னில் ஜனம் குறைவு; பல ஊர்களில் உயர்நிலைப் பள்ளியே கிடையாது. அங்குள்ள பிள்ளைகளின் தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. மற்றத் தனியார் பள்ளிகளுக்குக் கட்டினால் மதப் பள்ளிக்கும் கட்டியாக வேண்டும் என்று தீர்ப்பு. மெய்ன் சும்மா இருக்கவில்லை. பணம் வாங்கும் பள்ளி எதுவானாலும் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சட்டத்தைத் திருத்தி வைத்திருந்தது. ஜெயித்த பக்கம் மறுபடியும் நீதிமன்றப் படியேறியது. ஓக்லஹோமாவில் நேரடியாகவே அரசுப் பணத்தில் கத்தோலிக்கப் பள்ளி தொடங்கப் பார்த்தார்கள். ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, 2025 மே மாதம் 4-க்கு 4 என்று நின்று, கூடாது என்ற மாநிலத் தீர்ப்பே நிலைத்தது. அடுத்த வழக்கில் ஒன்பது பேரும் உட்காரும்போது என்ன ஆகும் என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும்.

அரசியலுக்குள் சுவிசேஷக் கிறிஸ்தவர்கள் (இவாஞ்சலிக்கல் என்பார்கள்) கட்சி கட்டி இறங்கியதிலும் வரிக்குப் பங்குண்டு. வெள்ளையர்களுக்கு மட்டும் என்பதுபோல் நடந்த தனியார் பள்ளிகளின் வரிவிலக்கை நெருக்க 1978-ல் வருமான வரித் துறை விதி கொண்டுவரப் பார்த்தது. போதகர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்ததில் கருக்கலைப்பைவிட இதற்கே பங்கு அதிகம் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 1979-ல் போதகர் ஜெரி ஃபால்வெல் தார்மிகப் பெரும்பான்மை அமைப்பைத் தொடங்கினார். இன்று வெள்ளை சுவிசேஷக் கிறிஸ்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கிறார்கள். போப்பின் ஆள் வரக்கூடாது என்று 1960-ல் கத்தோலிக்கரான கென்னடியை எதிர்த்துப் பிரசங்கம் நடந்த நாட்டில், இன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பதுக்கு ஆறு பேர் கத்தோலிக்கர். நம் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2017-ல் கீதையின்மேல் கை வைத்துப் பிரதிநிதிகள் சபை உறுப்பினரானார்.

சரி, கோயில் கமிட்டிக்கு வருகிறேன். வருமான வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் வருவதால்தான் கோயிலுக்கு வருமான வரி கிடையாது, பக்தர்களுக்கும் நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கிறது. 1954-ல் லிண்டன் ஜான்சன் செனட்டராக இருந்தபோது சேர்த்த திருத்தத்தின்படி, இந்தச் சலுகை வாங்கும் அமைப்பு எந்த வேட்பாளரையும் ஆதரித்தோ எதிர்த்தோ பிரசாரம் செய்யக் கூடாது. மீறிச் செலவழித்தால் அந்தத் தொகையில் 10 சதவீதம் அபராத வரி. சரிசெய்யாவிட்டால் 100 சதவீதம். விலக்கே பறிபோகவும் கூடும். நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் அருகே ஒரு தேவாலயம் 1992 தேர்தலுக்கு முன் கிளின்டனுக்கு எதிராக நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து விலக்கை இழந்தது. 2000-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. இப்படி நடப்பது அபூர்வம் என்பது உண்மை. வழிபாட்டு இடத்தைத் தணிக்கை செய்ய வரித் துறையின் உயரதிகாரி எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்று சட்டமே கெடுபிடி வைத்திருக்கிறது. 2025 ஜூலையில் டெக்சாஸ் வழக்கொன்றில், வழிபாட்டின்போது தன் சபையாரிடம் போதகர் பேசுவது இந்தத் தடைக்குள் வராது என்று வரித் துறையே எழுதிக் கொடுத்தது. ஒரு வழக்கில் கொடுத்த மனுவை நம்பிக் கமிட்டி துணிந்து இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை.

நடைமுறையில் தப்பு நடக்கும் இடங்கள் சின்னவை. வேட்பாளர் தீபாவளிக்குச் சாமி கும்பிட வந்தால் வரட்டும், மாலை போடலாம். மைக்கைக் கையில் கொடுத்துத் தேர்தல் பேச விடக் கூடாது. பேச அழைப்பதானால் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே மாதிரி அழைப்பு, ஒரே அளவு நேரம், நிதி வசூல் இல்லை. மண்டபத்தை வாடகைக்குக் கேட்டால் கல்யாணக்காரருக்கு என்ன வாடகையோ அதே. பக்தர்களின் மின்னஞ்சல் பட்டியலை எந்தப் பிரசாரக் குழுவுக்கும் இலவசமாகத் தரக் கூடாது. கோயில் பெயரில் இருக்கும் வாட்ஸ்அப் குழுவும் கோயிலின் வாய்தான். தலைவர் அதில் யாருக்கு ஓட்டு என்று எழுதினால் கோயில் சொன்னதாகிவிடும். தன் வீட்டு முற்றத்தில் பலகை நடுவதும் சொந்தப் பணம் கொடுப்பதும் அவர் இஷ்டம்.

இதையெல்லாம்விட ஆபத்தானது வாக்காளர் பதிவு மேசை. போடலாம், கட்சி பார்க்காமல் போட்டால் சட்டப்படி சரி. ஆனால் நம் கோயில்களில் பாதிக் கூட்டம் எச்1பி வேலை விசாவும், நிரந்தரமாகத் தங்கும் கிரீன் கார்டும். தன்னார்வலர் ஆர்வக் கோளாறில் படிவத்தை நீட்ட, குடியுரிமை இல்லாத ஒருவர் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், நாடு கடத்தப்படும் அளவுக்குப் போகலாம். பிற்பாடு குடியுரிமையும் சிக்கும். மேசையில் கொட்டை எழுத்தில் எழுதி வைக்கச் சொல்: குடிமக்கள் மட்டும். நன்கொடையிலும் இதே கண்டிப்பு. கிரீன் கார்டு இருந்தால் வேட்பாளருக்குப் பணம் கொடுக்கலாம், எச்1பி-யில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது.

அறநிலையத் துறை மாதிரி எதுவும் அங்கே உண்டா என்று முன்பொரு முறை கேட்டாய். நினைத்துப் பார்க்கவே முடியாது. அர்ச்சகரை நீக்கினது சரியா, ஆகமப்படி நடந்ததா என்றெல்லாம் நீதிமன்றம் வாயே திறக்காது. கமிட்டிக்குள் இரு கோஷ்டி முட்டிக்கொண்டால் பைலா, பத்திரம், கூட்டக் குறிப்பு இவற்றை மட்டும் வைத்துத்தான் தீர்ப்பு. அதனால் உன் அக்கா மகனிடம் கோயில் பைலாவின் நகல் ஒன்று அனுப்பச் சொல். உறுப்பினர் யார், ஓட்டு யாருக்கு என்ற இரண்டு விதியையும் எப்படி எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். தங்கச்சிக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்