அப்பப்பாவின்ரை வண்டியை நான் வெட்டேல்லை

வெள்ளவத்தை
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். போன கிழமை நீ போனை வைச்ச விதத்துக்கு, நீ சுகமோ எண்டு கேக்கவே பயமாக் கிடக்குது. போனில நான் ஒண்டு சொல்ல முதல் நீ மூண்டு கேள்வி கேப்பாய். அதாலைதான் கடிதம். இதுக்குள்ளை நீ குறுக்கை வரேலாது.

அம்மா அனுப்பின படத்தில நீ பாத்தது உண்மைதான். மொறிஸ் பிக்கப்பின்ரை பொனற்றுக்குள்ளை எஞ்சின் இல்லை, இப்ப அது பற்றறியில ஓடுற மோட்டர் வண்டி. "பெயின்ற் அடிக்கப் போறன்" எண்டு உனக்கு ஒரு வருசமாச் சொன்னது பொய். பெயின்றும் அடிச்சனான், அது வேறை.

"அப்பப்பாவின்ரை வண்டியை வெட்டிப்போட்டீங்களே" எண்டு கேட்டாய். சேசியில, அதாவது அடிச்சட்டத்தில, ஒரு ஓட்டை கூட நான் புதுசாப் போடேல்லைப் பிள்ளை. மொறிஸ் மைனர் காருக்கு அடியும் உடம்பும் ஒண்டு. பிக்கப்புக்கும் வானுக்கும் அப்பிடியில்லை, தனிச் சேசி. பழைய எஞ்சின் பூட்டியிருந்த அதே ஓட்டையளில ஒரு இரும்புச் சட்டம் பூட்டி, அதிலைதான் மோட்டர் தொங்குது. எஞ்சினும் கியர் பொக்ஸும் கிறீஸ் பூசி, பொலித்தீன் சுத்தி, மாடிப்படிக்குக் கீழை உன்ரை பழைய சைக்கிளுக்குப் பக்கத்தில இருக்குது. மாசம் ஒருக்கா பிளக் ஓட்டைக்குள்ளை எண்ணெய் விட்டுக் கையாலை சுத்திவிடுறன். அம்மா அதைப் பிரேதம் எண்டுதான் சொல்லுறா.

ஒறிஜினலாக் கிடந்த வண்டி எண்டு நீ நினைக்கிறாய். அது ஒருநாளும் அப்பிடிக் கிடந்ததில்லை. 1993இல நான் கிளாலிக் கடலேரியால வள்ளத்தில யாழ்ப்பாணம் போனன். நீ அப்ப கைப்பிள்ளை, கொழும்பில அம்மாவோடை. விடியப்புறம் அப்பப்பா என்னை ஏத்த இந்த வண்டியிலைதான் வந்தவர். வண்டி வர முன்னம் மணம் வந்தது. மண்ணெண்ணெய். யுத்த காலம், யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் கொண்டுபோகத் தடை. கறுப்புச் சந்தையில போத்தல் கணக்கில விக்கும், தங்கம் வாங்கிற மாதிரித்தான் வாங்க வேணும். மண்ணெண்ணெய் குளிரில ஆவியாகாது, அதாலை ஸ்ராட் பண்ணேக்கை மட்டும் பெற்றோல். அப்பப்பா ஒரு சேலைன் போத்தலை உள்ளுக்குத் தொங்கவிட்டு, அந்தக் குழாயாலை காபரேற்றருக்குச் சொட்டுச் சொட்டா விடுவார். எஞ்சின் சூடு பிடிச்ச பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவார். நிப்பாட்ட முன்னம் திருப்பிப் பெற்றோல், இல்லாட்டி அடுத்த நாள் ஸ்ராட் வராது. மண்ணெண்ணெய்க்கு எஞ்சின் தட்டும் எண்டு ஹெட்டுக்கு இரண்டு காஸ்கெற் போட்டு அமுக்கத்தைக் குறைச்சு வைச்சிருந்தவர். எரியாத மண்ணெண்ணெய் கீழை இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும், அதாலை அடிக்கடி ஒயில் மாத்தல். இவ்வளவோடையும் சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏத்தி இறக்கினவர்.

பற்றறிக்கும் அப்ப தடை, தெரியுமோ. ரோச் லைற்றுக்குப் போடுற சின்னப் பற்றறி கூட இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட காலம். நான் போகேக்கை இடுப்பில கட்டிக்கொண்டு போன நாலு பற்றறியைக் கண்டு அப்பப்பா சிரிச்ச சிரிப்பு இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது.

2003இல யாழ்ப்பாணம் போற ஏ9 வீதி திறந்திருந்த நேரம் நான் போய் வண்டியைக் கொழும்புக்கு ஓட்டிக்கொண்டு வந்தன். அதுக்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். பள்ளிக்கூட வாசலுக்கு முன்னாலை இறக்காமல் சந்தியிலை இறக்கச் சொல்லி அழுவாய். இப்ப அந்த வண்டிக்காக என்னோடை சண்டை பிடிக்கிறாய். சந்தோசம்தான்.

2022ஆம் ஆண்டு உனக்குச் செய்தி. எங்களுக்கு அது வரிசை. இரண்டு இரவு வண்டிக்குள்ளை படுத்துக் கிடந்தன், மூண்டாம் நாள் காலமை எனக்கு முன்னாலை நாலு வாகனம் இருக்கேக்கை பெற்றோல் முடிஞ்சுது. பிறகு கியூஆர் பங்கீடு வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்த இரண்டு இரவும் எனக்கு வேறை நினைப்பு வரேல்லை. சேலைன் போத்தல்தான்.

வாகன இறக்குமதியும் 2020இல இருந்து 2025 வரைக்கும் நிண்டு கிடந்தது. பழைய காருக்கெல்லாம் அப்ப வீட்டு விலை. ஆனா முட்டுப்பட்ட வண்டிக்கு ஆளில்லை. பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையளில கேட்டுக் கேட்டு, கடைசியா களனிப் பக்கம் ஒரு யார்ட்டில 2014 நிசான் லீஃப் எண்ட கரண்ட் கார் ஒண்டு கண்டன். பின்பக்கம் நசிஞ்சு போச்சு, மோட்டரும் பற்றறியும் முழுசு. விலை கேக்காதை. அம்மாவுக்குச் சொன்ன கணக்குத்தான் உனக்கும்.

லீஃப் பற்றறியைக் குளிராக்கத் தண்ணி ஓட்டம் ஒண்டுமில்லை, மூடின பெட்டி. யப்பானுக்கு அது காணும். கொழும்பு வெக்கைக்கு மீற்றரில ஒவ்வொரு கோடாக் கழரும். 12 கோட்டில இதில 9 இருந்தது. புதுசில 24 யூனிட் கரண்ட் பிடிச்சது இப்ப 15, 16தான் பிடிக்கும். காருக்கு அது கிழட்டுப் பற்றறி. வெள்ளவத்தையில இருந்து புறக்கோட்டைக்குப் போய் வாற பிக்கப்புக்கு அது எவ்வளவு!

பெட்டியைத் திறந்தா 48 துண்டு. ஒவ்வொண்டும் ஒரு பெரிய புத்தகம் அளவு, நாலு கிலோ கிட்ட. 20ஐ பொனற்றுக்குள்ளை முன்னுக்கும், 28ஐ பெற்றோல் ராங்கி இருந்த பக்கம் பின்னுக்கும் வைச்சன். பின்னுக்கு லீஃப் ஸ்பிரிங், அதுக்கு மேலை லீஃப். இந்தப் பகிடியை இஞ்சை ஒருத்தரும் ரசிக்கேல்லை.

இனி நீ கேக்கப்போற கேள்வி: அவ்வளவு பலமான மோட்டருக்கு அறுபது வருசத்து அச்சு தாங்குமோ? கணக்குப் பார். பழைய 1098 சிசி எஞ்சின்ரை முறுக்கு விசை 81 நியூட்டன் மீற்றர். முதலாம் கியரில அது 3.6 மடங்கு, பிறகு டிஃப், அதாவது பின் அச்சுப் பல்லுப்பெட்டி. நான் டிஃப்பைக் கழட்டிப் பல்லை எண்ணினன், 9க்கு 38, அதாவது 4.22. பெருக்கினா அச்சுக்குப் போறது 1,200க்கு மேலை. லீஃப் மோட்டர் 254. கியர் பொக்ஸை எடுத்துப்போட்டு நேரா டிஃப்புக்குக் குடுத்தா 254 தர 4.22, 1,100 கூட இல்லை. அப்பப்பா வெங்காயத்தோடை முதலாம் கியரில இழுத்ததை விடக் குறைவு. மணிக்கு 60 கிலோமீற்றரில ஓடேக்கை மோட்டர் 2,300 சுத்துத்தான் சுத்தும், அது பத்தாயிரத்துக்கு மேலை சுத்தக்கூடிய மோட்டர். கியர் பொக்ஸ் தேவையில்லை எண்டு இந்தக் கணக்குத்தான் சொன்னது. முதலில எனக்கே நம்பிக்கை வராமல் மூண்டு தரம் போட்டுப் பாத்தனான்.

கஷ்டம் வந்தது வேறை இடத்தில. மோட்டர் ஷாஃப்ற்றில இருக்கிற பல்லுக்குப் பொருந்த இஞ்சை ஒண்டும் வாங்கேலாது. லீஃபின்ரை கியர்ப் பெட்டியைப் பிரிச்சு, அந்தப் பல்லுத் துண்டை வெட்டியெடுத்து, ஒரு பிளேஞ்சில, அதாவது பூட்டுற வட்டத் தகட்டில, ஒட்ட வேணும். லேத் பாஸ் ஒருத்தர் தெமட்டகொடையில செய்து தந்தார். நூலளவு கோணல். 40இல வண்டி நடுங்கின நடுக்கத்தில கண்ணாடி கழண்டு விழுந்தது. ஜக்கிலை ஏத்தி வைச்சுத்தான் ஓட்டினன், பயப்பிடாதை. திருப்பிக் கொண்டுபோக அவர் கோவிச்சார், பிறகு கோணல் அளக்கிற டயல் கேஜ் வைச்சுத் தானே பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் புதுசாச் செய்து தந்தார். இரண்டாந்தரம் காசு வாங்கேல்லை.

கரண்ட் விசயத்தில என்னைச் சந்தேகப்படாதை. துறைமுகத்தில முப்பது வருசம் கிரேன் மோட்டரோடை நிண்டவன். வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு நூறு தரம் பூச்சியத்துக்கு வந்து போகும், அதாலை சுவிச்சில பொறி தானா அணையும். பற்றறியில வாற டிசி அப்பிடியில்லை, 360 வோல்ற் டிசியில பொறி பிடிச்சா இழுத்துக்கொண்டே நிக்கும். அதுக்கெண்டே செய்த கொன்ராக்ரர், தானா மூடித் திறக்கிற பெரிய சுவிச்சுத்தான் பூட்டியிருக்கிறன். முதலில ஒரு றெசிஸ்ரராலை மெதுவா, பற்றறிக் கரண்டை மோட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திற இன்வேட்டரை நிரப்பி, பிறகுதான் பெரிய கொன்ராக்ரர் மூடும். இல்லாட்டி முதல் நாளே அது ஒட்டிப்போகும்.

ஆனா ஒண்டு சொல்ல வேணும். இதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டாதை. துண்டுகளைத் தனித்தனியாக் கழட்டேக்கை எட்டு வோல்ற்தானே எண்டு கையுறையைக் கழட்டி வைச்சிட்டன். 10ஆம் நம்பர் ஸ்பானர் கை வழுக்கி இரண்டு முனைக்கும் குறுக்கை விழுந்தது. வோல்ற் குறைவு, ஆனா அம்பியர் நூற்றுக்கணக்கு. ஒரு கண்மூடுற நேரத்தில ஸ்பானர் சிவந்து அதிலையே ஒட்டிப்போச்சு. பிடுங்கப் போய் இரண்டு விரல் வெந்துபோச்சு. கலியாண மோதிரத்தை வேலைக்கு முன்னம் கழட்டுற பழக்கம் துறைமுகத்தில வந்தது, இல்லாட்டி விரலே போயிருக்கும். அம்மாவுக்குத் தேத்தண்ணி கொட்டினது எண்டு சொன்னனான். வயசு போனா வரவேண்டிய பயம் எனக்கு அண்டைக்குத்தான் வந்தது. ஒரு கிழமை வண்டிப் பக்கம் போகேல்லை.

திருப்பிப் போக வைச்சது மேல்வீட்டுப் பெடியன். கிறைண்டர் சத்தத்துக்கு முதலில தாய்தான் பல்கணியில நிண்டு பேசினவ. பிறகு பெடியன் இறங்கி வந்தான், மொறட்டுவையில எஞ்சினியரிங் படிக்கிறான். லீஃபின்ரை இன்வேட்டர் சும்மா கரண்ட் குடுத்தா அசையாது. காரின்ரை மற்றக் கம்பியூட்டர் செக்கனுக்கு நூறு தரம் "நான் இருக்கிறன்" எண்டு செய்தி சொல்லிக்கொண்டிருக்க வேணும். அந்தக் கம்பியூட்டருக்குப் பதிலா ஒரு சின்னப் போர்ட்டை வைச்சு, அவன்தான் அதைக் கதைக்கப் பழக்கினவன். அம்மா அவனுக்கு ஒவ்வொரு நாளும் தோசை. தாய் இப்ப எங்களுக்கு வட்டிலப்பம் அனுப்புறா.

மற்றதெல்லாம் சில்லறை. மொறிஸுக்குப் பற்றறியின்ரை பொசிற்றிவ் பக்கம்தான் உடம்போடை. அதை நெகற்றிவுக்கு மாத்தாமல் புதுச் சாமான் ஒண்டையும் தொடேலாது. றேடியேற்றர் பழசுதான், ஒரு சின்னப் பம்பாலை மோட்டருக்குத் தண்ணி ஓடுது. தரைத் தகடு கடற்காத்துக்கு அரிச்சுப்போச்சு, அதை மட்டும் டிங்கரிங் பாஸ் மாத்தினவர். மொறிஸ் மைனருக்கான தகடுகள் 1990களில இஞ்சை செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினவை, அதாலை தகட்டு வேலை தெரிஞ்ச கை இன்னும் இருக்குது. பிரேக் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின்ரை காலுக்குக் கீழை சேசிக்குள்ளை. அதைக் கழட்டினவனுக்குத்தான் அந்த வண்டியைக் கீறின ஆளைத் திட்டத் தெரியும். மோட்டருக்கு முன்னம் பிரேக்கைச் செய்திருக்க வேணும். கடைசியாச் செய்தன். அதுக்கு நீ பேசலாம்.

2025 பெப்ரவரி 9 உனக்கு ஞாபகமோ, பாணந்துறையில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருட்டானது? அண்டைக்குத்தான் முதல் முதலா சார்ஜ் பண்ணிக்கொண்டிருந்தன். நான்தான் எதையோ எரிச்சுப்போட்டன் எண்டு ஒழுங்கை முழுக்க ஓடிப் பாத்தன்.

வண்டிப் பதிவுப் புத்தகத்தில எரிபொருள் இன்னும் பெற்றோல் எண்டுதான் இருக்குது. மாத்துற அலுவல் நடக்குது. அது முடியுமட்டும் ரயில் பாதையில இருந்து காலி வீதி முகப்பு மட்டும்தான், அதுவும் காலமை ஆறுக்கு முதல். இடது கால் இன்னும் கிளச்சைத் தேடுது.

முந்தித் திறப்பைத் திருப்பினா பெற்றோல் பம்ப் டக், டக், டக் எண்டு அடிக்கும், நிண்ட பிறகு ஸ்ராட் பண்ணுவம், ஞாபகமோ. இப்பவும் திருப்பினா டக் எண்டு ஒண்டு, ஒரு மூச்சு விட்டு டக் எண்டு இன்னொண்டு, அந்தக் கொன்ராக்ரர் இரண்டும். பிறகு சத்தமில்லை. அம்மா குசினிக்குள்ளை இருந்து "ஸ்ராட் வரேல்லையோ?" எண்டு கேட்டவ. வண்டி அதுக்குள்ளை வாசலைத் தாண்டிப்போச்சு.

டிசம்பரில வாறதெண்டா ஒரு உதவி. 1000 வோல்ற்றுக்கு உறுதி சொல்லி முத்திரை குத்தின ரப்பர் கையுறை அங்கை வாங்கலாம். எனக்கு 10ஆம் அளவில ஒரு சோடி. உன்ரை கை 7 எண்டு நினைக்கிறன், அதிலையும் ஒரு சோடி வாங்கிக்கொண்டு வா.

அன்புடன்,
அப்பா