உப்புக்கு ஏங்கும் உடலைக் கவனிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். உப்பைக் குறைக்கச் சொல்லும் அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது என்பதைத் தங்கள் நாளிதழ் எடுத்துச்சொல்ல வேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் பழுதுபட்டு உடலில் உப்பைத் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பது நின்றுபோனால், சோடியமும் அதனுடன் நீரும் சிறுநீரில் வெளியேறிவிட, பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கும். 1855இல் ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் அடிசன் விவரித்த இந்த ‘அடிசன் நோய்’க்குக் காசநோயும் ஒரு காரணம் என்பதால், இந்தியாவில் இதை அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஓயாத சோர்வு, எழுந்து நின்றதும் தலைசுற்றல், ஊறுகாயை வெறுமனே அள்ளித் தின்னத் தூண்டும் உப்பு வேட்கை, உள்ளங்கை ரேகைகளிலும் ஈறுகளிலும் படரும் கருமை ஆகியவை சேர்ந்து தெரிந்தால், வெயிலில் கறுத்துவிட்டதாக எண்ணி விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டி, அதே சுரப்பிகள் சுரக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் காலை நேர ரத்த அளவைப் பரிசோதிக்க வேண்டும். இந்த ஹார்மோன்களுக்கு ஈடாகத் தரப்படும் ஹைட்ரோகார்டிசோன், ஃபுளூட்ரோகார்டிசோன் மாத்திரைகளை நாள்தோறும் தவறாமல் உட்கொண்டால் பெரும்பாலோர் இயல்பாக வாழலாம். ஆனால் காய்ச்சலின்போது மருத்துவர் சொன்னபடி ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்டாமல் விடுவதும், வாந்தியால் மாத்திரை உள்ளே தங்காமல் போவதும் உயிருக்கே ஆபத்து. அந்நேரத்தில் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் சலைனும் உடனே தேவை. இவை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் கிடைப்பதைத் தமிழக அரசு உறுதிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்