இரண்டரை அடி வாசல்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ பட்டென்று போனை வைத்தாயே, அதில் எனக்கு வருத்தம் இல்லை. "வீடு மாறி ஒரு வாரம் கழிச்சுத்தான் பெத்த பிள்ளைக்குச் சொல்லணுமா?" என்று நீ கேட்டது நியாயம்தான். அப்போது பதில் சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் கையில் பேனா இருந்தால்தான் பேச்சு வரும், அது உனக்குத் தெரிந்ததுதானே.

சித்திரைக் கடைசியில் வீட்டுக்காரர் மகன் வந்தார். பழையபேட்டை வீட்டை இடித்துவிட்டுக் கடைகள் கட்டப் போகிறாராம். இரண்டு மாதம் டைம் கொடுத்தார். ஆனி பிறந்துவிட்டால் அப்பா குடிபோகச் சம்மதிக்க மாட்டார், ஆடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக வைகாசிக்குள் மாறியாக வேண்டும். உன்னிடம் சொன்னால் என்ன நடக்கும்? பணம் அனுப்புகிறேன், லிஃப்ட் வைத்த அபார்ட்மென்ட்டாகப் பாருங்கள், பேசாமல் ஓசூருக்கே போய்விடுங்கள் என்று மஸ்கட்டில் இருந்துகொண்டே ஆரம்பித்திருப்பாய். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. உள்ளதைச் சொல்கிறேனே, வீடு தேடியதிலேயே எனக்குப் பாதி மனசுதான். நம் ஊரில் ஓடின பழைய ரயிலைப் பற்றி நான் எழுதுகிற நாவலில் கடைசி அத்தியாயம் ஒரு வருஷமாக நகராமல் கிடந்தது. கட்டின மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடு ராயக்கோட்டை ரோடு பக்கம். போக்கியத்துக்கு எடுத்திருக்கிறோம், மூன்று வருஷம். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. மொட்டை மாடியில் நின்றால் சையத் பாஷா மலை தெரிகிறது, ஆனால் நாம் இத்தனை வருஷம் பார்த்த பக்கம் இல்லை. முதல் இரண்டு நாள் வேறு யாருடைய மலையோ மாதிரி இருந்தது. தெருவில் மாம்பழ வாசனை. பெங்களூரா ஏற்றிய லாரிகள் கூழ் ஃபேக்டரிக்கு ராத்திரியெல்லாம் போகின்றன. அப்பா தூங்கிவிடுகிறார், நான்தான் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

இப்போது பிரிட்ஜ் விஷயம். நீ போன பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்தாயே, பீரோ மாதிரி இரண்டு கதவும் பக்கம் பக்கமாகத் திறக்கிற அந்தப் பெரியது, அது இந்த வீட்டுச் சமையலறைக்குள் போகவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார்கள். கைப்பிடியைக் கழற்றினால் போகும் என்று ஒரு பையன் சொன்னான். கழற்றினார்கள், அப்போதும் போகவில்லை. மூட்டை தூக்க வந்த பெரியவர் இடுப்பில் கைவைத்து நின்று, "அம்மா, பிரிட்ஜு தப்பில்ல, வாசப்படிதான் தப்பு" என்று தீர்ப்பு சொன்னார். அது ஹாலிலேயே, டிவிக்குப் பக்கத்தில் விருந்தாளி மாதிரி நிற்கிறது.

அப்பா டேப் எடுத்து வாசலை அளந்தார். இரண்டரை அடி.

எனக்குச் சுருக்கென்றது. தம்பி, இரண்டரை அடி என்பது ஏழு வருஷமாக என் நோட்டில் இருக்கிற எண். 1905 முதல் 1941 வரை திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு ஓடிய ரயிலின் பாதை அகலம் அதுதான், 2 அடி 6 அங்குலம். இப்போது நீ ஜோலார்பேட்டையில் ஏறுகிற ரயிலின் பாதை 5 அடி 6 அங்குலம், அதில் பாதிகூட இல்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஓடத் தொடங்கி, பிறகு ஓசூர் வரைக்கும் போனதும் இதே குறுகிய பாதைதான். அதையும் 1941-இல்தான் மூடினார்கள். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 2004-இல் நம் ஊர் மாவட்டத் தலைநகர் ஆனது, கலெக்டர் ஆபீஸ் வந்தது, ரயில் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. இதையெல்லாம் நான் உனக்குச் சொல்லிச் சொல்லி நீ கொட்டாவி விட்டவன்தான், அதனால் இத்தோடு விடுகிறேன்.

எண் தெரியும், ஆனால் அது எவ்வளவு என்று உடம்புக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த வாசலில் நின்று இரண்டு கையையும் நிலைச்சட்டத்தில் வைத்தேன். முழங்கை மடங்கியபடியே இரண்டு பக்கமும் தொட்டது. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இவ்வளவுதான். பெட்டி இதைவிட அகலமாகத்தான் இருந்திருக்கும், இருந்தாலும் எவ்வளவு இருந்துவிடும்? நானோ பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு கல்யாணக் கோஷ்டியை மேளதாளத்தோடு, ஜமக்காளம் விரித்து, ஏதோ மெட்ராஸ் மெயிலில் போகிற மாதிரி அனுப்பி வைத்திருக்கிறேன். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஜமக்காளத்தைச் சுருட்டினேன். இப்போது சம்பந்திகள் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறார்கள். சண்டையும் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது, எனக்கு இரண்டு அத்தியாயம் எழுதுகிற வேலை மிச்சம்.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பத்தைந்துக்கு மேல் இருக்கும். பால் காய்ச்சின அன்றைக்கே தூக்கில் களியும் கீரைக்கடைசலும் கொண்டுவந்து கொடுத்தார். நான் என்ன எழுதுகிறேன் என்று கேட்டார், சொன்னேன். "ரயிலா? அது போற வழியிலயே எங்கப்பன் புளி மூட்டையைத் தலையில வெச்சிக்கிட்டு நடந்து போவாராம். காசு குடுத்து அதுல உக்காந்துட்டா அப்புறம் சந்தையில என்னத்த வாங்கறது?" என்று சிரித்தார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. நானூறு பக்கம் எழுதியிருக்கிறேன், ரயிலுக்குப் பக்கத்தில் நடந்து போன ஒரு ஆள்கூட அதில் இல்லை. இப்போது இருக்கிறார். மூன்று இடத்தில் வருகிறார், ஒரு இடத்திலும் டிக்கெட் எடுக்கவில்லை.

கடைசி அத்தியாயமும் அந்த வாசலில்தான் கிடைத்தது. ரயில் பாதையைப் பராமரிக்கிற நம் கேங்மேன், தண்டவாளத்தைப் பெயர்க்கிற நாளில் ஓரமாக நின்று அழுகிற மாதிரி எழுதி வைத்திருந்தேன். ஒரு வருஷம் அவன் அழுதுகொண்டே நின்றான், நகரவே இல்லை. இப்போது அவன் அழவில்லை. பெயர்க்கிற வேலைக்கும் கூலி உண்டு, அவனே கடப்பாரையோடு போகிறான். பாதை அகலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவனிடம் ஒரு அளவுகோல் இருக்கும் இல்லையா, அதை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து அவன் குடிசை போடுகிறான். வாசலுக்கு நிலை வைக்கும்போது அந்தக் கோலை எடுத்து அளக்கிறான். அங்கே முடித்துவிட்டேன். எழுதி முடித்தபோது விடியற்காலை நாலரை. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "சரி, காபி போடு" என்றார்.

உன் நோட்டுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலேஜ் நோட்டையெல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாயே, ஏன் போடவில்லை தெரியுமா? நீ எழுதாமல் விட்ட பக்கங்களில்தான் என் முதல் பிரதி இருக்கிறது. நீ பாதிக்குமேல் எழுதாமல்தான் விட்டிருக்கிறாய், அதை இப்போது கேட்கவில்லை. டிடிபி போடுகிற பெண் ஒருநாள் போன் செய்து, "ஆன்ட்டி, மூணாவது அத்தியாயத்துக்கு நடுவுல பாய்லர் படம் வருது, அதையும் சேர்க்கணுமா?" என்று கேட்டாள். அவளே 'குறுகிய பாதை' என்பதை எல்லா இடத்திலும் 'கருகிய பாதை' என்று அடித்து வைத்திருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஓரிடத்தில் மட்டும், நிலக்கரிப் புகை வருகிற வரியில், அப்படியே விட்டுவிட்டேன். என்னைவிட அவள் நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள்.

நோட்டுகள் மொத்தம் பதினொன்று. ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு உன் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறேன். ஆமாம், உன் கட்டில் வந்திருக்கிறது. கேரம் போர்டு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன்கள் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். திட்டுவதென்றால் அதற்குத் திட்டு.

பதிப்பகத்துக்கு இன்னும் அனுப்பவில்லை. முதலில் நீ ஒரு விஷயம் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் கடைசி அத்தியாயத்தைத் தனியாக இதோடு வைத்திருக்கிறேன். முழுக்கப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, மூன்றாவது பக்கம் மட்டும் பார். போல்ட்டைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, தண்டவாளத்தைத் தோளுக்கு ஏற்றுகிறார்கள். நாலு பேர் என்று எழுதியிருக்கிறேன். சின்ன ரயிலின் தண்டவாளம்தான், இருந்தாலும் இரும்பு இல்லையா? நாலு பேர் போதுமா, ஆறு வேண்டுமா? நீ மெக்கானிக்கல் படித்தவன், கணக்குப் போட்டுச் சொல். ஆறு என்றால் இன்னும் இரண்டு பேருக்கு நான் பேர் வைக்க வேண்டும்.

அப்பா பிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலிலேயே சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார், ஏசி மாதிரி இருக்கிறதாம். கரண்ட் பில் வந்ததும் உனக்குப் போன் செய்வார், எடு.

அம்மா